பதினோராம் அத்தியாயம்

என் முதல் நாவலை அப்பா நான்கு நாட்களில் படித்து முடித்தார். காலையில் டீ குடித்த கையோடு திருநின்றவூர் வீட்டு வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு, கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு உட்காருவார். கையில் ஒரு பென்சில் இருக்கும். ஆவடி ஃபேக்டரியில் முப்பது வருடத்துக்கு மேல் ஃபிட்டராக இருந்தவர். எதைப் படித்தாலும் டிராயிங் பார்க்கிற மாதிரி பென்சில் வேண்டும் அவருக்கு.

நான் வேலைக்குக் கிளம்பும்போது அவர் எந்தப் பக்கத்தில் இருக்கிறார் என்று பின்னாலிருந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போவேன். பதினோராம் அத்தியாயம் நூற்று எழுபதாம் பக்கத்தில் ஆரம்பிக்கிறது. மூன்றாம் நாள் அவர் நூற்று அறுபத்தைந்தில் இருந்தார். அன்று அம்பத்தூர் எஸ்டேட்டில், எங்கள் கம்பெனியின் டிஸ்பேட்ச் செக்‌ஷனில் உட்கார்ந்து ஒரே லாரிக்கு இரண்டு முறை சலான் போட்டேன். சாயங்காலம் வீட்டுக்கு வந்தபோது அவர் வழக்கம்போலச் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். நான்காம் நாள் புத்தகத்தை மூடி என்னிடம் கொடுத்தார்.

“குவார்ட்டர்ஸ் ஜன்னலுக்கு நீலப் பெயின்ட்டும்மா. நீ பச்சைன்னு எழுதியிருக்க.”

அவ்வளவுதான் சொன்னார்.

அந்த அத்தியாயத்தில் என்ன இருக்கிறது என்று சொல்லிவிடுகிறேன். வலிப்பு நோய் உள்ள ஒரு சிறுமியின் அப்பா, ஜெபத்தால் அவள் குணமாகிவிட்டாள் என்று நம்பி மாத்திரையை நிறுத்துகிறார். அம்மா அவருக்குத் தெரியாமல் கொடுத்துவருகிறாள். ஒருநாள் அப்பா அரிசி டிரம்முக்குள் ஒளித்துவைத்த மாத்திரை அட்டைகளைக் கண்டுபிடிக்கிறார். எல்லாவற்றையும் பிய்த்துக் கக்கூஸில் கொட்டித் தண்ணீர் ஊற்றுகிறார். மூன்று வாரத்துக்குள் சிறுமி இறந்துபோகிறாள். கதையைச் சொல்வது அவளுடைய அக்கா. மாத்திரை அகப்பட்ட நேரத்தில் அக்கா பள்ளிக்கூடத்தில் இருக்கிறாள்.

எங்கள் வீட்டில் நடந்ததும் ஏறக்குறைய இதுதான். ஒன்றே ஒன்று வேறு. மாத்திரையை அப்பா கண்டுபிடிக்கவில்லை. நான் காட்டிக் கொடுத்தேன்.

தங்கச்சி என்னைவிட ஏழு வயது சின்னவள். நாலு வயதில் அவளுக்கு முதல் முறையாக வலிப்பு வந்தது. அப்போது நாங்கள் இருந்த ஃபேக்டரி குவார்ட்டர்ஸின் பின்பக்கத்துக் குழாயடியில் விளையாடிக்கொண்டிருந்தவள் அப்படியே சாய்ந்துவிட்டாள். பக்கத்து வீட்டு அக்கா சாவிக்கொத்தை எடுத்து ஓடிவந்து அவள் கையில் திணித்தது எனக்கு நினைவிருக்கிறது. அதற்குப் பிறகு அம்மா அவளை மாதம் ஒருமுறை ரயிலில் சென்ட்ரலுக்குக் கூட்டிக்கொண்டுபோய்ப் பெரியாஸ்பத்திரியில் காட்டி மாத்திரை வாங்கி வருவாள். காலையில் ஒன்று, ராத்திரியில் ஒன்று. இதற்கு நடுவே மந்திரித்தார்கள், தாயத்துக் கட்டினார்கள், விழுப்புரம் பக்கம் எங்கள் ஊர் அம்மனுக்கு மொட்டை போட்டார்கள். அப்பா அப்போது குடித்துக்கொண்டிருந்தார். வலிப்பு வந்த அன்றெல்லாம் கூடுதலாகக் குடித்தார்.

எங்களைச் சபைக்கு அழைத்துப் போனது அதே பக்கத்து வீட்டு அக்காதான். பட்டாபிராமுக்கு உள்ளே தள்ளி, ஒரு மரக்கடைக்குப் பின்னால் ஆஸ்பெஸ்டாஸ் போட்ட ஒரு ஹால். நாற்பது ஐம்பது பேர் வருவார்கள். பாஸ்டர் முன்னாளில் லோடு ஆட்டோ ஓட்டியவர். சத்தம் போட்டுப் பேசவே மாட்டார். தங்கச்சியின் தலையில் கைவைத்து அவர் ஜெபம் பண்ணியபோது அம்மா அழுதாள், அப்பா தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். ஆறு மாதத்தில் அப்பா குடியை விட்டார். இதை நான் நாவலில் சரியாகவே எழுதியிருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை நாங்கள் நாலு பேரும் துவைத்துத் தேய்த்த துணி போட்டுக்கொண்டு ஒரே பெஞ்சில் உட்கார்ந்தோம். அம்மாவுக்குப் பாட வரும் என்பதே எனக்கு அங்கேதான் தெரிந்தது. என் வாழ்க்கையில் எங்கள் குடும்பம் சந்தோஷமாக இருந்த காலம் எது என்று கேட்டால் அதுதான்.

தங்கச்சிக்கு ஒரு வருடம் வலிப்பே வரவில்லை. அப்பா அதை ஜெபத்தின் பலன் என்றார். மாத்திரையின் பலன் என்று சொல்ல எங்கள் வீட்டில் அம்மா ஒருத்திதான் இருந்தாள், அவளும் சொல்லவில்லை. மாத்திரையை நிறுத்துங்கள் என்று பாஸ்டர் ஒருநாளும் சொன்னதில்லை. யாரை நம்பி இருக்கிறீர்கள் என்று மட்டும் அப்பாவிடம் கேட்டார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை அப்பா சபையின் முன்னால் எழுந்து நின்று, என் மகள் சுகமாகிவிட்டாள், இனிமேல் மாத்திரை இல்லை என்று சாட்சி சொன்னார். எல்லாரும் கை தட்டினார்கள். நானும் தட்டினேன்.

அப்போது எனக்குப் பதினாலு வயது. அப்பாவைவிட எனக்குத்தான் பக்தி அதிகம். வெள்ளிக்கிழமை உபவாச ஜெபத்துக்காக ஸ்கூலில் மத்தியானச் சாப்பாட்டை அப்படியே திருப்பி எடுத்து வருவேன். என் வயதுப் பெண்கள் மூன்று பேருக்குப் பரிசுத்த ஆவியின் அபிஷேகம் கிடைத்துவிட்டது. கண்ணை மூடிக்கொண்டு அந்நிய பாஷையில் பேசினார்கள், முகமெல்லாம் நனைந்து பளபளவென்று இருக்கும். எனக்கு ஒன்றும் வரவில்லை. முட்டி வலிக்க வலிக்க நின்றும் வரவில்லை. உன் வீட்டில் ஏதாவது மறைவாக இருக்கிறதா, யோசித்துப் பார் என்று பாஸ்டரின் மனைவி அன்பாகத்தான் சொன்னார்.

எனக்கு யோசிக்க வேண்டிய தேவையே இருக்கவில்லை. அம்மா தினமும் காலையில் வாழைப்பழத்தைப் பிசைந்து, அதில் மாத்திரையைப் பொடித்துப் போட்டுத் தங்கச்சிக்கு ஊட்டுவதை இரண்டு மாதமாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். நான் பார்த்தது அம்மாவுக்கும் தெரியும். யாரிடமும் சொல்லாதே என்றுகூட அவள் சொல்லவில்லை. பெரிய பெண், புரிந்துகொள்வாள் என்று விட்டிருந்தாள்.

அந்த வெள்ளிக்கிழமை எழுந்து நின்று சொல்லிவிட்டேன். எங்கள் வீட்டில் ஒரு அவிசுவாசம் இருக்கிறது என்று ஆரம்பித்தேன். அரிசி டிரம் வரைக்கும் சொன்னேன். சொல்லும்போது உடம்பெல்லாம் லேசாகி, இதோ அபிஷேகம் வருகிறது என்று நினைத்தேன். அம்மா மூன்றாவது வரிசையில் தங்கச்சியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவள் திரும்பி என்னைப் பார்க்கவில்லை. தங்கச்சியின் காதுகளை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டாள்.

அம்மாவை முன்னால் கூப்பிட்டு ஜெபம் செய்தார்கள். இனிமேல் கொடுக்க மாட்டேன் என்று அவள் எல்லார் முன்னாலும் வாக்குக் கொடுத்தாள். வீட்டுக்கு வந்ததும் அப்பா திட்டவில்லை, அடிக்கவில்லை. டிரம்மைத் திறந்து அட்டைகளை எடுத்தார். கொட்டினார். அந்தப் பகுதி நாவலில் இருக்கிறபடியே நடந்தது.

பத்தொன்பது நாள் கழித்து, ஒரு புதன்கிழமை காலை ஏழரை மணிக்கு, நான் தங்கச்சிக்கு ஜடை பின்னிக்கொண்டிருந்தபோது வலிப்பு வந்தது. முன்பெல்லாம் இரண்டு நிமிடத்தில் அடங்கிவிடும். இந்த முறை அடங்கவில்லை. நின்றது போல் இருந்து மறுபடி வந்தது. அப்பா அவள் பக்கத்தில் முழங்கால் போட்டு ஜெபித்தார். நானும் ஜெபித்தேன். அம்மா கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு அவளைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு செருப்பில்லாமல் ரோட்டுக்கு ஓடி ஒரு ஆட்டோவை நிறுத்தினாள். அப்பா பின்னாலேயே ஓடினார். ஆஸ்பத்திரியில் எவ்வளவு நேரமாக வலிப்பு இருந்தது என்று டாக்டர் கேட்டபோது அம்மாதான் பதில் சொன்னாளாம். முக்கால் மணி நேரம். மத்தியானத்துக்கு முன்னால் தங்கச்சி போய்விட்டாள். அவளுக்கு ஏழு வயது.

அதற்குப் பிறகு அதைப் பற்றி எங்கள் வீட்டில் யாரும் பேசவில்லை. அப்பா இன்னும் இரண்டு ஞாயிறு சபைக்குப் போனார். மூன்றாவது ஞாயிறு ஃபேக்டரியில் ஓவர்டைம் இருக்கிறது என்றார். பிறகு எந்த ஞாயிறும் போகவில்லை. ஆனால் குடிக்கவும் இல்லை. நானும் நின்றுவிட்டேன். பாஸ்டர் வீட்டுக்கு வந்து அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதுவிட்டுப் போனார். அடுத்த வருடம் வேறு ஊருக்குப் போய்விட்டார். அம்மா மட்டும் விடவில்லை. வேறொரு சபையைத் தேடிக்கொண்டாள். எனக்கு அது ரொம்ப நாள் புரியவில்லை, கோபம்கூட இருந்தது. கல்லூரியில் படிக்கும்போது ஒருமுறை, இவ்வளவு நடந்த பிறகும் ஏன் போகிறாய் என்று கேட்டேன்.

“பரலோகம்னு ஒண்ணு இல்லன்னா அவ எங்கடி இருப்பா?” என்றாள்.

நாவலை நான் ரயிலில் எழுதினேன். திருநின்றவூரில் ஏறினால் அம்பத்தூர் வருவதற்குள் லேடீஸ் பெட்டியில் உட்கார இடம் கிடைத்த நாளில் ஒரு பக்கம், நின்றுகொண்டே போன நாளில் நாலு வரி. எல்லாம் போனில்தான். மூன்று வருடம் ஆனது. குடும்பத்தையும் விசுவாசத்தையும் பற்றி, ஒரு பெண் வளர்வதைப் பற்றி எழுத வேண்டும் என்றுதான் ஆரம்பித்தேன். பத்து அத்தியாயம் வரை நடந்ததை நடந்தபடி எழுதினேன். பதினோராவதில் அந்த வெள்ளிக்கிழமை வந்ததும் நின்றுவிட்டது. ஐந்து மாதம் ஒரு வரி எழுதவில்லை. பிறகு ஒருநாள் காலை அண்ணனூர் தாண்டும்போது, மாத்திரையை அப்பாவே கண்டுபிடித்ததாக எழுதிப் பார்த்தேன். அம்பத்தூரில் இறங்க மறந்து வில்லிவாக்கம் வரை போய்விட்டேன். அவ்வளவு வேகமாக வந்தது. இது நாவல்தானே, மாற்றலாம்தானே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மாற்றலாம். ஆனால் அந்த இடத்தை மட்டும் நான் ஏன் மாற்றினேன் என்பதும் எனக்குத் தெரியும்.

வெளியீட்டுக்கு அப்பா வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வந்து மூன்றாவது வரிசையில் உட்கார்ந்தார். அப்போது அவர் இன்னும் படித்திருக்கவில்லை. பேசியவர்களில் ஒருவர், ஒரு தகப்பனின் முரட்டு விசுவாசம் ஒரு குழந்தையை எப்படிக் கொன்றது என்பதை இந்த நாவல் ஈவிரக்கமில்லாமல் சொல்கிறது என்றார். கைதட்டினார்கள். அப்பாவும் தட்டினார். அதற்கு மறுநாள்தான் நாற்காலியை வாசலில் போட்டு உட்கார்ந்தார்.

புத்தகம் எங்கள் சொந்தக்காரர்களுக்குள் சுற்ற ஆரம்பித்தது. விழுப்புரத்தில் இருக்கும் அத்தை, அப்பாவின் தங்கை, தன் மகனைப் படிக்கச் சொல்லிக் கேட்டிருக்கிறார். தங்கச்சி காய்ச்சலில் செத்துப்போனாள் என்றுதான் அவர்களுக்கெல்லாம் இத்தனை வருடம் சொல்லியிருந்தோம். அத்தை போன் செய்தபோது அப்பாவுக்குக் காது மந்தம் என்பதால் ஸ்பீக்கரில் போட்டிருந்தார். நான் அடுப்பில் தோசை ஊற்றிக்கொண்டிருந்தேன்.

“அதுல எழுதியிருக்கறது நெஜமாண்ணே? மாத்திரைய நீயா எடுத்துக் கொட்டுன?”

“ஆமா.”

“அண்ணி ஒளிச்சி வெச்சிருந்தத நீயே தேடிக் கண்டுபுடிச்சியா?”

அப்பா அடுப்படிப் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்தார். “ஆமாம்மா. நான்தான்.”

அத்தை போனை வைத்துவிட்டார். அதற்குப் பிறகு அவர் அப்பாவுடன் பேசவில்லை. ஃபேக்டரியில் கூட வேலை பார்த்தவர்கள் சாயங்காலம் ஸ்டேஷன் பக்கத்து டீக்கடையில் கூடுவார்கள். அப்பாவும் போவார். அவர்களில் ஒருவரின் மகளுக்கு என் புத்தகத்தை நானே கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருந்தேன். சில வாரத்தில் அப்பா டீக்கடைக்குப் போவதை நிறுத்தினார். ஏன் என்று கேட்டதற்கு முட்டி வலி என்றார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, அம்மா சபைக்குப் போயிருந்தபோது அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். அத்தையிடம் ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்று கேட்டேன்.

“கொட்டுனது நான்தானே?”

“சொன்னது நான்பா. நான் எந்திரிச்சிச் சொல்லலன்னா...”

அவர் என்னை முடிக்க விடவில்லை. “உனக்குப் பதினாலு வயசு. எனக்கு நாப்பது. இதுல பேசறதுக்கு இன்னா இருக்கு?”

அடுத்த பதிப்பில் திருத்திவிடுகிறேன் என்றேன். வேண்டாம் என்றார். உனக்கு இனிமேல்தான் வாழ்க்கை இருக்கிறது, நாலு பேர் படிக்கிறார்கள், அது அப்படியே இருக்கட்டும் என்றார். நான் அழுதேன். அவர் என் முதுகில் கைவைத்தார். ஆனால் சொல்ல வேண்டியது ஒன்று மீதம் இருக்கிறது. அவர் வேண்டாம் என்றபோது எனக்குள் ஒரு நிம்மதி வந்தது. அதை நான் மறைத்துக்கொண்டேன்.

பத்து மாதம் கழித்து அப்பா இறந்துபோனார். காலையில் குளிக்கப் போனவர் பாத்ரூமில் விழுந்துவிட்டார். மாரடைப்பு.

செய்தி கேட்டு ஊரிலிருந்து வேனில் வந்தார்கள். அத்தையும் வந்தார். அம்மா தன் சபையிலிருந்து ஒரு பாஸ்டரை வரவழைத்திருந்தாள். அவர் வந்து செருப்பைக் கழற்றும்போதே சித்தப்பா தடுத்துவிட்டார். அண்ணன் பொறந்தது இந்துவா, எரிக்கணும், ஜெபம் கிபம் ஒண்ணும் இங்க வேணாம் என்றார். ஞானஸ்நானம் வாங்கியவர் அவர் என்று அம்மா மெதுவாகச் சொன்னாள். அப்போது அத்தை அழுதுகொண்டே பேசினார். அந்த மதந்தான் அண்ணன் கையாலயே பெத்த புள்ளயக் கொல்ல வெச்சிச்சி, அவரு பொண்ணே புக்கு போட்டு எழுதியிருக்கா என்றார். தெருவில் இருந்தவர்கள் எல்லாரும் என்னைப் பார்த்தார்கள்.

நான் எழுந்து நின்றேன். அந்த வெள்ளிக்கிழமைக்குப் பிறகு ஒரு கூட்டத்தின் முன்னால் எழுந்து நின்று உண்மை சொன்னது அன்றுதான். அப்பா கண்டுபிடிக்கவில்லை, நான்தான் சபையில் சொன்னேன், நான்தான் காட்டிக் கொடுத்தேன், புத்தகத்தில் எழுதியது பொய் என்றேன். எவ்வளவு நேரம் சொன்னேன் என்று தெரியவில்லை. சித்தி வந்து என்னை அணைத்துப் பிடித்து உட்காரவைத்தார். பாவம், அப்பா போன அதிர்ச்சியில் இன்னா பேசறோம்னே தெரியல அவளுக்கு என்று யாரோ சொன்னார்கள். தண்ணீர் கொடுத்தார்கள். அத்தை என் தலையைத் தடவி, அப்பா மேல பாசம் இருக்கத்தான செய்யும், அதுக்காக நீ பழிய ஏத்துக்காதம்மா என்றார். அச்சில் வந்ததை அவர்கள் நம்பினார்கள். நான் வாயால் சொன்னதை ஒருவர்கூட நம்பவில்லை.

அப்பாவை எரித்தார்கள். ஜெபம் நடக்கவில்லை. அம்மா உள்ளறையில் சுவரைப் பார்த்து உட்கார்ந்து உதட்டை மட்டும் அசைத்துக்கொண்டிருந்தாள்.

காரியம் முடிந்து எல்லாரும் போன பிறகு வீட்டில் நாங்கள் இரண்டு பேர். அம்மா இன்றுவரை நாவலைப் படிக்கவில்லை. அதில் என்ன இருக்கிறது என்று அவளுக்குத் தெரியும். ஒருநாள் மத்தியானம் கீரை ஆய்ந்துகொண்டிருந்தபோது, நான் கேட்காமலே பேச ஆரம்பித்தாள்.

“அவரு மேலயும் தப்பு இல்ல, உன் மேலயும் இல்லன்னு சொல்ல மாட்டேன். தப்புதான். ஆனா மருந்துக்கட எங்கடி இருந்துச்சி? குவார்ட்டர்ஸ் கேட்டுக்கு எதிர்லதான் இருந்துச்சி. மறுநாளே போய் வாங்கியிருக்கலாம் நான். பத்தொம்பது நாளு. எனக்கும் ஆச வந்துடுச்சி. நெஜமாவே சொகமாயிருப்பாளோன்னு ஒரு ஆச.”

இதை அவள் அப்பாவிடம் சொல்லியிருக்கிறாளா என்று கேட்டேன். இல்லை என்று தலையாட்டினாள். ஒரே வீட்டில் இருபது வருடத்துக்கும் மேலாக அவரவர் பங்கை முழுப்பங்காக நினைத்துக்கொண்டு மூன்று பேரும் இருந்திருக்கிறோம்.

பதினோராம் அத்தியாயத்தை மறுபடி எழுதிப் பதிப்பாளருக்கு அனுப்பினேன். அவர் படித்துவிட்டு, பழையதில்தான் வலு இருக்கிறது, இதில் ஒரு சின்னப் பெண்ணின் மேல் பாரம் விழுகிறது, வாசகர்கள் ஏற்கமாட்டார்கள், யோசியுங்கள் என்றார். இன்னும் பழையதுதான் விற்கிறது.

அன்றும் கீரை ஆய்ந்துகொண்டிருந்த அம்மாவிடம் அதைச் சொன்னபோது அவளுக்கு அதில் அக்கறை இருப்பதாகத் தெரியவில்லை. வேறொன்று கேட்டாள். அந்தப் புத்தகத்தில் தங்கச்சி என்னென்ன பேசுகிறாள் என்று கேட்டாள். நான் யோசித்தேன். புத்தகத்தை எடுத்து வந்து பக்கம் பக்கமாகத் தேடினேன். முந்நூற்றுப் பத்துப் பக்கத்தில் அவள் விழுகிறாள், தூங்குகிறாள், மாத்திரை சாப்பிடுகிறாள், மறுபடி விழுகிறாள். மூன்று இடத்தில் தண்ணீர் வேண்டும் என்கிறாள். வேறு எதுவும் பேசவில்லை.

அம்மா கீரைக் குப்பையைக் கூட்டி எடுத்துக்கொண்டு எழுந்தாள். அவ வாய் ஓயாதே என்று மட்டும் சொன்னாள்.

உண்மைதான். அவள் வாய் ஓயாது. குவார்ட்டர்ஸ் தெருவில் போகிற தபால்காரர், பால்காரர், கேஸ் சிலிண்டர் போடுகிறவர் எல்லாரையும் நிறுத்திவைத்து, உங்க ஊட்ல எத்தினி பேரு என்று கேட்பாள். பதில் சொன்னால் அவர்கள் பெயர் என்ன என்று ஒவ்வொன்றாகக் கேட்பாள். அடுத்த முறை அவர்கள் வரும்போது அந்தப் பெயர்களையெல்லாம் சொல்லி நலம் விசாரிப்பாள். சாம்பாரில் கத்திரிக்காய் கிடந்தால் அதைத் தூக்கி என் தட்டில் போட்டுவிட்டு எனக்குத் தருவதாகச் சாமியிடம் வேண்டிக்கொண்டேன் என்பாள். அந்தப் புதன்கிழமை காலையிலும் பேசிக்கொண்டுதான் இருந்தாள். ஜடையை இழுத்துக் கட்டாதே, தலை வலிக்கிறது, இன்றைக்கு எங்கள் மிஸ் பிறந்தநாள், நான் ஒரு பூ வைத்துக்கொள்ளட்டுமா என்றாள். பூ எதற்கு, வேண்டாம் என்று சொல்லி நான் இன்னும் இறுக்கிப் பின்னினேன்.